லேப்டாப்புக்கு நெற்றி எது?

“மிஸ், கேமரா செத்துப்போச்சு.”

கவிதா இதைச் சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தாள். லேப்டாப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால், வேண்டுமென்றே சில படிகள் தள்ளி, அவளுடைய அம்மா பஞ்சவர்ணம் வந்தார்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மாடிவரை ஏறும் என்பதால் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன்.

என்னை இன்றுதான் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அருப்புக்கோட்டையில் அந்த உரக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பெயர் எஸ்தர், ஊருக்கு எஸ்தர் மிஸ்ஸு. சொல்லிக்கொடுப்பேன், ரிப்பேர் பார்ப்பேன், கோபப்படுவேன். மூன்றாவதற்கு மட்டும் ஃபீஸ் வாங்குவதில்லை.

கவிதா என்னிடம் படித்தவள். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துப் பெண். கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு எழுதி எழுதிப் போட்டு, கடைசியில் மதுரையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அன்றைக்குப் பதினொரு மணிக்கு, வீடியோவில். சொந்த லேப்டாப்பில்தான் வர வேண்டும், கேமரா ஓட வேண்டும், போனில் வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று மெயிலில் கறாராக எழுதியிருந்தார்கள். வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் என் சென்டரில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு.

கேமராவைத் திறந்து பார்த்தேன். இருட்டு. மூடித் திறந்தேன். அப்போதும் இருட்டு.

“எப்பருந்து?” என்றேன்.

“நேத்துச் சாயங்காலம் மீட்டிங் ஆப் இறக்குனேன் மிஸ். அதுலருந்துதான். அதுக்கு முந்தி, பூஜைக்கெல்லாம் முன்னாடி, நல்லாத் தெரிஞ்சுச்சு.”

“அப்ப சாஃப்ட்வேர் கோளாறுதான்” என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான்.

பஸ்ஸும் ரூட்டும்

ஹார்டுவேர், சாஃப்ட்வேர் என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தே என் தொண்டை பாதி போயிற்று.

புத்தகத்தில் ஒரு விளக்கம் உண்டு. தொட முடிந்தால் ஹார்டுவேர், தொட முடியாவிட்டால் சாஃப்ட்வேர். ஆரம்பத்தில் நானும் அதைத்தான் ஒப்பித்தேன். ஒரு நாள் ஒரு பெண் எழுந்து, “அப்ப கரண்டு சாஃப்ட்வேரா மிஸ்?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள், “தொட்டுப் பாரு, தெரியும்” என்றாள். வகுப்பே சிரித்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாளிலிருந்து பஸ்ஸை வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற பஸ். டயர், இன்ஜின், சீட்டு, கம்பி எல்லாம் ஹார்டுவேர். எந்த ரோட்டில் போவது, எங்கே நிற்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற ஏற்பாடு சாஃப்ட்வேர். பஸ் பஞ்சராகி வழியில் நின்றால் அது ஹார்டுவேர் கோளாறு. பஸ் ஜம்மென்று ஓடி, நரிக்குடிக்குப் பதிலாக விருதுநகரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் சாஃப்ட்வேர் கோளாறு. இதைச் சொன்னதும் எல்லோருக்கும் விளங்கிவிடும். ஏனென்றால் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் பஸ் மாறி ஏறியவர்கள்தான்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர். எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும், எது முதலில் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் விசில். அவர் வரவில்லை என்றால் ஸ்டாண்டில் எத்தனை நல்ல பஸ் இருந்தும் சண்டைதான் நடக்கும்.

இன்னொரு வார்த்தை சி.பி.யு. மேசைக்குக் கீழே நிற்கும் இரும்புப் பெட்டி முழுவதையும் எங்கள் ஊரில் சி.பி.யு. என்றுதான் சொல்வார்கள். லேப்டாப் வந்த பிறகு, “இதுல சி.பி.யு. வைக்கலையா மிஸ், மிச்சம் பண்ணிட்டாகளா?” என்று கேட்டவர்கள் உண்டு. பெட்டி வெறும் பெட்டி. சி.பி.யு. என்பது உள்ளே இருக்கும் சின்னச் சில்லு, அவ்வளவுதான். லேப்டாப்பில் அது கீபோர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

ரோட்டில் காயும் கம்பு

ரேம், ஸ்டோரேஜ் இரண்டையும் மெமரி என்று ஒரே பெயரில் கூப்பிடுவது ஊர் முழுக்க இருக்கும் குழப்பம். “மெமரி நிறைய இருக்குன்னுதான் வாங்குனேன், ஆனா நத்தை மாதிரி ஊருது” என்று வந்து நிற்பார்கள்.

அவர்களிடம் நான் கேட்பேன்: “ஒங்க வீட்டுல கம்பு எம்புட்டு மூட்டை இருக்கு?”

சொல்வார்கள்.

“அம்புட்டையும் ஒரே நேரத்துல காயப்போட ரோட்டுல எடமிருக்கா?”

இருக்காது. எங்கள் பக்கம் தார் ரோட்டில் ஓரமாகக் கம்பையும் சோளத்தையும் பரப்பிக் காயவைப்பது வழக்கம். வீட்டுக்குள் அடுக்கியிருக்கும் மூட்டைதான் ஸ்டோரேஜ். ரோட்டில் பரப்ப உனக்குக் கிடைத்த இடம்தான் ரேம். மூட்டை எத்தனை இருந்தாலும் பரப்ப இடம் குறைச்சல் என்றால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். திடீரென்று மழை வந்தால் ரோட்டில் கிடப்பது போய்விடும். வீட்டுக்குள் இருப்பது போகாது. கரண்டு போவதுதான் அந்த மழை. அள்ளி மூட்டை கட்டுவதற்குப் பெயர் சேவ்.

இதைச் சொல்லி முடித்தபோது திருச்சுழிக்காரர் ஒருவர், “அப்ப மழைக்கு முந்தி அள்ளுறவன்தான் பொழைப்பான்” என்று பெருமூச்சு விட்டார். மூன்று நாள் உட்கார்ந்து டைப் அடித்த மனுவை அவர் அப்போதுதான் இழந்திருந்தார். பாவமாக இருந்தது. என்னால் அந்த மனுவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

பஞ்சு வைத்த அம்மா

ரிப்பேருக்கு வரும் லேப்டாப்பைத் திறந்தால் அந்த வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு முறை ஒரு பையனின் லேப்டாப் வந்தது. கொஞ்ச நேரம் ஓடும், தோசைக்கல் மாதிரி சுடும், தானாக அணைந்துவிடும். “வைரஸா இருக்கும் மிஸ்” என்றான். எங்கள் ஊரில் எந்தக் கோளாறுக்கும் முதல் பழி வைரஸ் மேல்தான்.

கழற்றிப் பார்த்தேன். பக்கவாட்டில் சூடான காற்று வெளியே போகிற துவாரம் இருக்கும், உள்ளே சின்ன ஃபேன் சுழலும். அந்தத் துவாரம் முழுக்கப் பஞ்சு. தும்பு பறந்து வந்து சேர்ந்த பஞ்சு கிடையாது. நல்ல வெள்ளைப் பஞ்சை உருட்டித் திரித்து, ஒவ்வொரு இடுக்கிலும் பக்குவமாக வைத்து அடைத்திருந்தது.

அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஆமா மிஸ்ஸு, நாந்தான் வச்சேன். எறும்பு உள்ள போயிட்டா என்ன பண்றது? புதுப் பொருளு” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. துவாரம் எதற்கு என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. மூச்சு விட வேண்டும் என்று சொன்னேன். “அய்யய்யோ, மூக்கையா அடைச்சுப்புட்டேன்” என்று துடித்துப்போனார்.

என்னிடம் வரும் பாதிக் கோளாறு இப்படி அக்கறையில் வந்த கோளாறுதான். தலையணை மேல் வைத்துத் தூங்கவைப்பார்கள். தூசி படக் கூடாது என்று பாலிதீன் உறையோடு ஓட்டுவார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வருவதில்லை.

கையில் வெண்ணெய்

கவிதாவை உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்புகிறேன்.

சாஃப்ட்வேர் என்று முடிவு கட்டிய பிறகு அந்த வழியிலேயே போனேன். கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று செட்டிங்கில் பார்த்தேன். இருந்தது. புதிதாக இறக்கிய ஆப்பை எடுத்துவிட்டேன், மறுபடி போட்டேன். இருட்டு. அடுத்தது டிரைவர். லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் டைம்கீப்பருக்கும் நடுவில் பேச்சு வார்த்தை நடத்துகிற குட்டி சாஃப்ட்வேருக்கு அந்தப் பெயர். அதையும் அழித்து, மறுபடி போட்டு, லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன். அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

மறுபடியும் இருட்டு.

கவிதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “நேரமாகுது மிஸ்” என்றாள். அவள் அழாமல் இருக்கப் பாடுபடுகிறாள் என்று குரலில் தெரிந்தது. என் சென்டரில் இருப்பவை எல்லாம் கேமரா இல்லாத பழைய சிஸ்டங்கள். லேப்டாப் கடன் கேட்கிற அளவுக்குப் பழகிய ஆள் யாரும் அந்த நேரத்தில் ஊரில் இல்லை.

பஞ்சவர்ணம் உள்ளே வரவே இல்லை. வாசல்படிக்கு வெளியே, கதவு மறைவில் நின்றார். மில்லில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். “உள்ள வாங்க, ஃபேனுக்கடியில ஒக்காருங்க” என்று கூப்பிட்டேன்.

“இருக்கட்டும் மிஸ்ஸு. அவ நல்ல காரியத்துக்கு ஒக்காந்திருக்கா. நான் எதுக்க வரல.”

அவர் கணவர் அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார். எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். நானே எத்தனையோ தடவை அதில் போயிருக்கிறேன். புருஷனை இழந்தவள் நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாது என்ற வழக்கத்தைத்தான் பஞ்சவர்ணம் சொன்னார். படியேறும்போது பின்தங்கி வந்ததும் அதனால்தான். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அவர்கள் வீட்டு வழக்கத்தில் எனக்குப் பேச்சில்லை. ஆனாலும் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் எழுந்துபோய் ஜன்னலை ஓங்கித் திறந்தேன். உர நெடியோடு வெயில் உள்ளே வந்து விழுந்தது.

“மிஸ், இங்க பாருங்க” என்றாள் கவிதா.

இருட்டாக இருந்த கேமராப் படம் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன், கறுத்தது. திறந்தேன், சிவந்தது. செத்துப்போன கேமராவுக்கு வெயில் தெரியாது. இந்தக் கேமரா உயிரோடு இருந்தது. அதன் பக்கத்தில் எரியும் குட்டி விளக்குகூட வந்ததிலிருந்து எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கண் இருக்கிறது, கண்ணை ஏதோ மறைக்கிறது.

அப்போதுதான் லேப்டாப்பின் முகத்தைப் பார்த்தேன். திரைக்கு மேலே, விளிம்பின் நட்ட நடுவில், விரல்நுனி அளவுக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது. எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதீர்கள். என்னைச் சுற்றிப் பார்த்தேன். என் சென்டரில் எல்லா மானிட்டருக்கும், பிரின்டருக்கும், மவுஸுக்கும்கூடப் பொட்டு இருந்தது. நான் கும்பிடாவிட்டாலும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஆசையாக வைப்பார்கள், பொரிகடலை எனக்கும் ஒரு பங்கு வரும். பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் ஊரில் பொட்டு இல்லாத இயந்திரத்தைத்தான் தேட வேண்டும். பொட்டு முகத்தோடு முகமாகிவிட்டது. யார் கண்ணிலும் அது தனியாகப் படவில்லை.

பழைய மானிட்டரில் அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக். லேப்டாப்பில் அந்த இடத்தில்தான் கேமரா.

நெற்றி

“அட, பொட்டுதான் மறைக்குது” என்று சொல்லி, திரை துடைக்கிற துணியை எடுத்தேன்.

“வேணாம் மிஸ்” என்று கவிதா என் கையைப் பிடித்தாள். அவள் பார்வை வாசல் பக்கம் போனது.

பஞ்சவர்ணம் கதவுக்கு வெளியே நின்றபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“நான் வச்சதுதான்” என்றார். “என் கையாலதான் புள்ளைக்குக் கெடுதலாப் போச்சா?”

“கெடுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. எடம் தெரியாம வச்சுட்டீக, அம்புட்டுத்தான். துடைச்சா போயிரும்.”

“தொடைக்கிறதா?” என்று அவர் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “பொட்டத் தொடைக்கிறத ஒரு தடவைதான் மிஸ்ஸு பாத்திருக்கேன். என் நெத்தியில.”

கையில் இருந்த துணியை நான் மேசை மேல் வைத்துவிட்டேன்.

அவர் சொன்ன கதை சின்னது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் கணவர் ஆட்டோவைக் கழுவி, முன் கண்ணாடிக்கு மேலே நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அதுதான் வண்டிக்கு நெற்றி என்பார். அவர் போன பிறகு ஆட்டோவை விற்றாயிற்று. அந்த வருஷம் பூஜைக்கு வீட்டில் தொழில் செய்கிற பொருள் என்று இருந்தது, மகளுக்குப் படிக்க அவர் வாங்கிக் கொடுத்த இந்த லேப்டாப் மட்டும்தான். யார் பொட்டு வைப்பது? கவிதாவின் பெரியப்பா, “நீ வைக்கக் கூடாது, நான் வந்து வைக்கிறேன்” என்று சொல்லியனுப்பினார். சாயங்காலம்வரை காத்திருந்தார்கள், அவர் வரவில்லை.

“இருட்டப் போகுது. புள்ள வேலைக்குப் போற நேரம், அது மட்டும் மூளியாக் கெடக்கு. மனசு கேக்கல. கதவச் சாத்திக்கிட்டு நானே வச்சுப்புட்டேன்” என்றார் பஞ்சவர்ணம். “நெத்தி எதுன்னு அளந்து பாத்துத்தான் வச்சேன் மிஸ்ஸு. அவுக வைக்கிற மாதிரியே.”

பெரியப்பாவுக்கு மறுநாள் தெரிந்து சத்தம் போட்டிருக்கிறார். வேலைக்கு மதுரைக்குப் பெண்ணை அனுப்புவதா வேண்டாமா என்பதையும் நான்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது பஞ்சவர்ணம் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. பெரியப்பா சொன்னதுதான் சரி, தன் கை பட்டதால்தான் மகளின் வேலை போகப் போகிறது.

“இன்டர்வியூ போனாப் போகட்டும் மிஸ்” என்றாள் கவிதா. “வேற வரும்.”

“ஏத்தா, வாய மூடு” என்றார் பஞ்சவர்ணம்.

அழிப்பதும் இடம் மாற்றுவதும்

எனக்கு வேதத்தில் கொஞ்சம், கம்ப்யூட்டரில் கொஞ்சம் தெரியும். அன்றைக்குக் கைகொடுத்தது இரண்டாவது.

“பஞ்சவர்ணம், இங்க வாங்க” என்றேன். “கம்ப்யூட்டர்ல ரெண்டு வேலை இருக்கு. டெலீட்டுன்னா அழிக்கிறது. கட் பேஸ்டுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு எடத்துல இருக்கிறத அப்படியே எடுத்து இன்னொரு எடத்துல வைக்கிறது. எதுவும் அழியாது, எடம்தான் மாறும். இதுல கண்ணு இருக்கிற எடமும் நெத்தி இருக்கிற எடமும் ஒண்ணாப் போச்சு. அதனால இதுக்கு நெத்தி முன்னாடி கெடையாது. மூடுனா மேல தெரியுதே, அந்த மூடிதான் நெத்தி. எடுத்து அங்க வைங்க.”

அவர் நம்பினாரா என்று தெரியாது. மகளைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பை ஓரமாக விட்டுவிட்டு முதல் தடவையாக உள்ளே வந்தார்.

ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டார். மோதிர விரலில் தொட்டு, காய்ந்த சந்தனத்தின் மேல் வைத்து ஊறவிட்டார். உர நெடியையும் மீறி அந்த வாசனை எழுந்தது. பிறகு நகம் படாமல் மெதுவாக வழித்தெடுத்தார். குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் திருப்பி, மூடியின் நடுவில் அதை வைத்தார். பழைய வட்டம் வரவில்லை, கொஞ்சம் கலைந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்த கறையை நான் துணியால் துடைத்தேன். திரையில் கவிதாவின் முகம் வந்தது. கண் கலங்கி, தலை கலைந்து, ஆனால் பளிச்சென்று தெரிந்தது.

“மூஞ்சியக் கழுவிட்டு வா, புள்ள” என்றேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பஞ்சவர்ணம் மறுபடி வாசலுக்கு வெளியே போய்விட்டார்.

வாசலுக்கு வெளியே

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. கவிதா இப்போது மதுரையில்தான் இருக்கிறாள். லேப்டாப் சுட்டால் என்னைக் கூப்பிடுவதில்லை, துவாரத்தை அவளே சுத்தம் பண்ணிக்கொள்கிறாள். ஆனால் அன்றைக்கு நடந்ததில் முக்கியமானதை நான் இன்னும் சொல்லவில்லை.

இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. கேட்டதற்கெல்லாம் கவிதா பதில் சொன்னாள். ஆரம்பத்தில் இங்கிலீஷ் தட்டுத் தடுமாறியது, பிறகு ஓட ஆரம்பித்தது. நான் கேமராவில் படாமல் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முடியப் போகிற நேரத்தில், கேள்வி கேட்ட கம்பெனி மேடம் திடீரென்று தமிழுக்கு மாறினார்.

“கவிதா, இது மதுரையில வந்து தங்கிப் பார்க்கிற வேலை. சில மாசம் நைட் ஷிஃப்டும் வரும். உங்க பக்கத்துப் பொண்ணுங்க செலக்ட் ஆகி, ஆர்டரும் வாங்கிட்டு, வீட்டுல விடலைன்னு கடைசில வராமப் போயிடுறாங்க. எங்களுக்கு அந்த இடம் வீணாப்போகுது. உங்க வீட்டுல முடிவு எடுக்கிறவங்ககிட்ட இப்பவே ஒரு வார்த்தை பேசிடலாமா?”

கவிதாவின் கண் தன் போன் பக்கம் போனது. பெரியப்பாவின் போன் நம்பர் அவளிடம் இருக்கிறது. அவர் என்ன சொல்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“எங்கம்மாகிட்டப் பேசுங்க மேடம்” என்றாள். “வெளியதான் நிக்கிறாங்க.”

நான் வாசலுக்குப் போனேன். பஞ்சவர்ணம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஒங்களக் கூப்பிடுறாக.”

“என்னையா? எதுக்கு?”

“புள்ளைய மதுரைக்கு அனுப்புவீகளான்னு கேக்கணுமாம்.”

“அவ பெரியப்பாவ...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “நான் எப்படி மிஸ்ஸு அதுக்கு எதுக்க வந்து நிக்க? முடியப்போற நேரத்துல என் மூஞ்சியக் காட்டி...”

“கவிதாதான் ஒங்க பேரச் சொன்னா” என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. “பெரியப்பா பேரச் சொல்லல.”

கீழே மூட்டை இறக்குகிறவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். உள்ளே இருந்து, “அம்மா, வா” என்று கவிதாவின் குரல் கேட்டது.

பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். கவிதா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அவர் விளிம்பில் உட்கார்ந்து நிமிர்ந்தார். திரையின் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள், அவர் முகம் அவருக்கே தெரிந்தது. கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தார்.

“வணக்கம்மா” என்றது எதிர்க் குரல். “கவிதாவை அனுப்ப உங்களுக்குச் சம்மதமா? வேற பெரியவங்க யாரையாவது கேட்டுட்டுச் சொல்றீங்களா?”

“கேக்கணும்னா என்னையத்தான் கேக்கணும்” என்றார் பஞ்சவர்ணம். “அனுப்புறேன்.”